இரண்டு காலாலும் நடப்பீர்கள்

ஜூன் 3, திங்கள்

வாரத்தில் இந்த ஒரு நாள்தான் எங்களுக்குத் துணி துவைக்க, முடி வெட்டிக்கொள்ள, வீட்டாரோடு பேச. ஊழியத்துக்கு வந்து பதினேழு மாதம் ஆகிறது. இன்னும் ஏழு மாதம். நான்கு வெள்ளைச் சட்டையிலும் காலர் மஞ்சளாகிவிட்டது. எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தேன். வாசனை வந்தது, மஞ்சள் போகவில்லை.

மிஷன் தலைவர் பெங்களூரிலிருந்து பேசினார். இனி நான் சீனியர். நாளை வருகிற புதுத் துணைவருக்கு நான்தான் எல்லாம் பழக்க வேண்டும். பதினேழு மாதமாக யாராவது ஒருவருக்குப் பின்னால் நடந்தவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வீடியோவில் அப்பாவிடம் சொன்னேன். "சீனியர்னா என்னாடா, ரெண்டு டை கட்டிப்பியா?" என்றார்.

அப்பா சென்னையில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற அறையில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறார். நான் மார்மன் சபைக்கு மாறியதும் அவருக்குப் பிடிக்கவில்லை, படிப்பை நிறுத்திவிட்டு இரண்டு வருஷம் ஊழியத்துக்கு வந்ததும் பிடிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், இங்கே யாரும் என்னைக் கிளமென்ட் என்று கூப்பிடுவதில்லை. சட்டையில் குத்திய கறுப்பு அட்டையில் 'எல்டர் பாக்கியநாதன்' என்றுதான் இருக்கிறது. எல்டர் என்றால் மூப்பர். இருபத்திரண்டு வயதில் நான் மூப்பர், அதுவும் அப்பாவின் பெயரில்.

ஜூன் 4, செவ்வாய்

ரால்தே வந்துவிட்டான். மிசோரம்காரன், இருபது வயது. தமிழில் 'வணக்கம்', 'போதும்', 'தண்ணி' என்று மூன்று வார்த்தை தெரியும். இஸ்திரி போடுவதில் மன்னன். விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆறரைக்கு எழுந்துவிட வேண்டும். டீ, காபி கிடையாது. பெண்களை வீட்டுக்குள் அழைக்கக் கூடாது. இருவரும் எப்போதும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட வேண்டும், தனியாக எங்கும் போகக் கூடாது. "குளிக்கும்போதுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் சிரிக்கவில்லை. சீனியர் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

ஜூன் 8, சனி

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

கணபதிப் பகுதியில் இருக்கும் சகோதரர் மயில்சாமி வீட்டுக்குப் போனோம். ஐம்பத்து நான்கு வயது, மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற வேலை. நான்கு வருஷத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தவர். இந்தக் கோயம்புத்தூர்க் கிளையில் அவர் மாதிரி ஒரு விசுவாசி இல்லை. அப்போதிருந்த எல்டர் ஒருவர் பீடியை விட்டுவிடுங்கள் என்றாராம். முப்பது வருஷப் பீடியை அன்று சாயங்காலமே விட்டார். காபியை விடச் சொன்னார்கள், விட்டார். ஞாயிறுதோறும் இரண்டு கிலோமீட்டர் நடந்தே சபைக்கு வருவார். பஸ் ஏற மாட்டார். அந்த நடையும் ஆராதனைதானுங்க என்பார்.

மனைவி ஈஸ்வரி அம்மா சபைக்கு வருவதில்லை. மாரியம்மன் கோயிலுக்குத்தான் போவார். ஆனால் எங்களுக்கு இட்லி வைக்கும்போது கணக்குப் பார்க்க மாட்டார்.

மயில்சாமிக்குச் சர்க்கரை. வலது காலில் இரண்டு விரல் கறுத்துப்போயிருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை அந்த இரண்டு விரலையும் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஆசீர்வாதம் குடுங்க எல்டர்" என்று நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்தார்.

நோயாளிக்கு ஆசீர்வாதம் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒருவர் உச்சந்தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துச் சின்னதாக ஜெபிக்க வேண்டும். அதை ரால்தே ஆங்கிலத்தில் செய்தான். அடுத்தவர் இரண்டு கையையும் தலைமேல் வைத்து, ஆவியானவர் உணர்த்துகிறபடி பேச வேண்டும். அதற்கு எழுதிவைத்த வாசகம் கிடையாது. சீனியராக நான் கொடுக்கும் முதல் ஆசீர்வாதம் இது. ரால்தே பக்கத்தில் நிற்கிறான், ஈஸ்வரி அம்மா கதவோரம் நிற்கிறார். வார்த்தை தானாக வந்தது. "உங்கள் உடம்பில் ஒன்றும் குறையாது. இந்த இரண்டு காலாலும் நடந்து சபைக்கு வருவீர்கள்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மயில்சாமி அழுதுவிட்டார். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெளியே வந்ததும், "அவர் ஏன் அழுதார்? என்ன சொன்னீர்கள்?" என்று ரால்தே கேட்டான். வழக்கமானதுதான், பலம், ஆறுதல் என்றேன்.

ஜூன் 10, திங்கள்

மிஷன் தலைவருக்கு வாரக் கடிதம். ஆசீர்வாதம் பற்றி எழுதினேன். ஆவியானவர் என் நாவை ஆண்டுகொண்டார் என்று எழுதினேன். அதற்கு மேல் விவரம் எழுதவில்லை, கடிதம் நீளமாகிவிடும்.

ஜூன் 12, புதன்

மயில்சாமி நேற்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

பார்க்கப் போனோம். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சிரித்த முகமாக இருந்தார். "ஒண்ணும் குறையாதுன்னு நீங்க சொன்னீங்களே எல்டர். அதுக்கப்புறம் நானே போயி விரலை வெட்டக் குடுத்தா, கடவுளை நம்பலீன்னுல்ல ஆகிப்போகும்?" என்றார்.

ஈஸ்வரி அம்மா எனக்கு மட்டும் தண்ணீர் வைக்க மறந்துவிட்டார். மறந்திருப்பார்.

மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன், சொல்லவேயில்லை.

ஜூன் 13, வியாழன்

மழை. யாரும் வீட்டில் இல்லை. சாயங்காலம் சேமியா உப்புமா அடிப்பிடித்தது.

ஜூன் 17, திங்கள்

தலைவரின் பதில் வந்தது. மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார். கடைசி வரி: "அந்தச் சகோதரர் டாக்டர் சொல்படி நடக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆசீர்வாதமும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை." பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் போட்டேன்.

அப்பாவிடம் பேச்சோடு பேச்சாக, தெரிந்த ஒருவருக்குச் சர்க்கரைக் கால் என்றேன். மற்ற நாளில் இரண்டு நிமிஷத்தில் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுகிறவர், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"விரலு என்னா கலரு?"

"கறுப்பு."

"காஞ்ச கறுப்பா, ஈரக் கறுப்பா?"

தெரியவில்லை என்றேன்.

"நாத்தம் வருதா?"

வருகிறது. ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். சபையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த வீட்டில் மயில்சாமி ஊதுபத்தி ஏற்றவிட்டதில்லை. இதை நான் யோசித்துப் பார்த்ததே அப்போதுதான்.

"அப்ப நாள் எண்ணிக்கோ" என்றார் அப்பா. "இன்னிக்கு வெரலு. அடுத்த வாரம் பாதம். அதுக்கப்பறம் முட்டி. அதுக்கும் மேல ஏறிச்சுன்னா எங்க ரூமுக்கு வராது, பின்னாடி கட்டடத்துக்குப் போவும். ஏன்டா, அந்தாளு இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போவல?"

"பயப்படுகிறார்" என்று சொன்னேன்.

ஜூன் 20, வியாழன்

ஈரக் கறுப்புதான். பாதத்தின் மேல்பக்கம் சிவந்து பளபளவென்று வீங்கியிருக்கிறது.

"டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிட்டு வந்துடலாமே பிரதர்" என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக.

"காட்டுனா வெட்டத்தானுங்க சொல்லுவாங்க." என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க கவலப்படாதீங்க. நீங்க சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்குது."

எனக்கும்தான்.

ஜூன் 24, திங்கள்

ரால்தேவுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. என் சமையலாக இருக்கலாம். வாரக் கடிதத்தில் 'எல்லாம் நலம்' என்று எழுதிவிட்டு, துணைவருக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை என்று சேர்த்தேன்.

ஜூன் 26, புதன்

காலை பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். ஈஸ்வரி அம்மா. மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. உள்ளே கூப்பிட முடியாது, விதி. படியிலேயே நிற்க வைத்துப் பேசினேன்.

"ராத்திரியெல்லாம் குளிர்க்காய்ச்சல் தம்பி. பெனாத்துறாரு. மாத்திரையும் போட மாட்டீங்கறாரு. எம்புள்ள திருப்பூர்ல இருந்து வந்து கால்ல விழுந்து அழுதுட்டுப் போயிட்டா. நாங்க யாரு சொன்னாலும் ஏறாது. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லோணும்."

"என் துணைவருக்கு உடம்பு சரியில்லம்மா. தனியா வெளிய வரக் கூடாது. சபை விதி."

என்னைப் பார்த்தார். பிறகு திறந்த கதவு வழியாக, பாயில் சுருண்டு கிடந்த ரால்தேவைப் பார்த்தார்.

"அப்ப இங்கிருந்தே போன்ல சொல்லுங்க."

"நேர்ல வந்து சொன்னாத்தான் சரியா இருக்கும். ரெண்டு நாள்ல வந்துடறேன்."

"அன்னிக்குச் சொன்னீங்களே தம்பி, அது கடவுள் சொன்னதா, நீங்க சொன்னதா? எனக்கு அது மட்டும் சொல்லுங்க, நான் போயிர்றேன்."

நேரில் வந்து பேசுகிறேன் என்று மறுபடியும் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினார். ஒவ்வொரு படியாக இறங்கினார்.

விதி விதிதான். சீனியரே மீறினால் புதியவன் என்ன கற்றுக்கொள்வான்?

மத்தியானம் தெருமுனை மருந்துக்கடைக்குப் போய் ரால்தேவுக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வாங்கி வந்தேன். அது பக்கம்தான். ஐந்து நிமிஷம்.

ஜூன் 27, வியாழன்

அந்த மருந்துக்கடைக்கு நான் தனியாகத்தான் போனேன்.

ஜூன் 29, சனி

ரால்தே எழுந்து நடக்கிறான். கணபதிக்குப் போனோம். பஸ்ஸில் நான்கு வாக்கியம் தயார் செய்தேன். அங்கே போனதும் நான்கும் மறந்துபோயின. கட்டில் ஓரத்தில் முழங்காலிட்டு அப்படியே சொன்னேன்.

"பிரதர், அன்னைக்கு நான் சொன்னது ஆவியானவர் குடுத்தது இல்ல. என் சொந்த வார்த்தை. புதுசா சீனியர் ஆகியிருந்தேன். துணைவர் முன்னாடி, அம்மா முன்னாடி பெருசா ஏதாவது சொல்லணும்னு தோணுச்சு. சொல்லிட்டேன். அதுக்கு எந்த அதிகாரமும் இல்ல. தயவுசெஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க."

பதினேழு மாதத்தில் நான் பேசிய ஒரே சுத்தமான பேச்சு அது. இனி அவர் போய்விடுவார் என்று நிச்சயமாக நம்பினேன்.

மயில்சாமி என் தலையைத் தடவிக் கொடுத்தார். உள்ளங்கை அடுப்பாகச் சுட்டது.

"அது உங்களுக்கே தெரியாம வர்றதுதானுங்க எல்டர். சின்ன வயசு, இப்ப பயந்துட்டீங்க. இவ வந்து அழுதிருப்பா." ஈஸ்வரி அம்மா பக்கம் கையைக் காட்டினார். "எனக்கு ஒரு சந்தேகமும் இல்லீங்க. உங்களுக்காகவும் சேத்து நான் ஜெபம் பண்றேன்."

மறுபடி சொன்னேன். நான் பொய் சொன்னேன் என்றேன். அவர் கண்ணை மூடி எனக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். வாயால் போட்ட முடிச்சு வாயால் அவிழவில்லை. ஈஸ்வரி அம்மா சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று படியில் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அவருக்கு அது எதற்கும் உதவவில்லை.

ஜூலை 1, திங்கள்

தலைவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கிளைத் தலைவரையும் கூட்டிக்கொண்டு உடனே போங்கள் என்றார். போனோம். நானும் அவரும் மாறி மாறிச் சொன்னோம். "நீங்கல்லாம் எம்மேல வெச்ச பாசத்துல சொல்றீங்க" என்றார் மயில்சாமி. பிறகு மிஷன் தலைவரே அவரோடு போனில் பேசினார். "பெரியவரு நல்லாப் பேசுனாரு" என்று மட்டும் மயில்சாமி சொன்னார்.

அப்பாவிடம் இந்த முறை எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "வாய் வார்த்தையில புண்ணு ஆறும்னா நான் எதுக்குடா முப்பது வருசம் பஞ்சு புடிச்சேன்" என்றார். பிறகு தணிந்த குரலில், "அந்தம்மாகிட்ட சொல்லு. ஆளு மயங்குனான்னா, அவன் சம்மதத்துக்குக் காத்துனு இருக்காதே, வண்டில தூக்கிப் போடுன்னு. அப்பத்தான் முடியும்" என்றார்.

ஈஸ்வரி அம்மாவுக்குப் போன் செய்து அப்படியே சொன்னேன். "உங்கப்பா என்ன வேல பாக்கறாருங்க?" என்று கேட்டார். சொன்னேன். "நீங்களும் அதையே படிச்சிருக்கலாம்" என்றார்.

ஜூலை 7, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, சபை முழுக்க உபவாசம். சர்க்கரை உள்ளவர்கள் இருக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். மயில்சாமி இருந்திருக்கிறார், அதுவும் நேற்று மத்தியானத்திலிருந்து. சபைக்கு நடந்தே வரப் போவதாகச் சொல்லி, சட்டை மாற்றிக்கொண்டு, வாசல்படியில் இறங்கிவிட்டார். நான் சொன்னதை நிறைவேற்றிக் காட்ட.

நாலு அடி நடந்தாராம். ஐந்தாவதில் விழுந்தார். ஈஸ்வரி அம்மா பக்கத்து வீட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுவிட்டார்.

ஜூலை 8, திங்கள்

வலது காலை முட்டிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். ஈஸ்வரி அம்மா கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் டாக்டர் எங்கள் டையையும் அட்டையையும் பார்த்துவிட்டு, யாரோ அதிகாரிகள் என்று நினைத்துப் பதில் சொன்னார். "ஜூன்லயே வந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஆளே போயிருப்பார்."

ரால்தேவுக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அதோடு, ஜூன் எட்டாம் தேதி நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். முழங்காலிட்டு நான் கெஞ்சியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன், அவனாக எதையும் கேட்கவில்லை. நானும் அதுவரை மொழி தெரியாதவனிடம் மறைப்பது எவ்வளவு சுலபம் என்று இருந்துவிட்டேன்.

"எண்ணெய் வைத்தது நான். நீங்கள் முடித்ததும் புரியாமலே ஆமென் சொன்னவனும் நான்தான்" என்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 9 முதல் 12 வரை எழுதவில்லை.

ஜூலை 13, சனி

மாற்றல். செவ்வாய்க்கிழமை விசாகப்பட்டினம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருகிற வழக்கமான மாற்றல்தான், தண்டனை இல்லை என்று தலைவரே போனில் சொன்னார். தண்டனை என்றால் நிம்மதியாகப் போவேன்.

அங்கே போனால் தெலுங்கு. எனக்கு மூன்று வார்த்தைகூடத் தெரியாது.

ஜூலை 15, திங்கள்

துணி துவைத்தேன். பெட்டி கட்டினேன். ரால்தே என் நான்கு சட்டைகளையும் கேட்காமலே இஸ்திரி போட்டு வைத்தான்.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனோம். மயில்சாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். இளைத்துவிட்டார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவரே ஆரம்பித்தார்.

"மன்னிச்சுருங்க எல்டர். எம்மேலதான் தப்பு. எங்கியோ எனக்கு விசுவாசம் பத்தல. இல்லீன்னா நீங்க சொன்னபடி நடந்திருக்கும்."

"அப்படி இல்ல பிரதர்" என்றேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. அவர் ஒவ்வொரு முறையும் ஆறுதலாகத் தலையாட்டினார், குழந்தைக்குத் தலையாட்டுவது போல.

கிளம்பும்போது சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"நாளைக்குப் போறீங்களாமா? இன்னொரு காலு இருக்குதுங்க. அதுக்கு ஒரு ஆசீர்வாதம் குடுத்துட்டுப் போங்க."

ஈஸ்வரி அம்மா ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரால்தே ஒரு சொட்டு எண்ணெய் வைத்தான். நான் கை வைத்தேன். தலைமுடி வியர்வையில் நனைந்திருந்தது. கண்ணை மூடிக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. உண்மையாகவே ஒன்றும் வரவில்லை. வார்டில் யாரோ இருமினார்கள். தட்டு வண்டி உருண்டு போனது. கடைசியில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"சகோதரர் மயில்சாமி, மாத்திரையை வேளாவேளைக்குப் போடுங்க. இனிமே உபவாசம் இருக்காதீங்க. தினமும் காலையில பாதத்தை ஈஸ்வரி அம்மாகிட்ட காட்டுங்க. டாக்டர் வரச் சொன்ன நாள்ல போங்க. அவர் என்ன சொன்னாலும் செய்யுங்க. இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்."

"ஆமென்" என்றான் ரால்தே.

"ஆமென்" என்று ஜன்னலிலிருந்தும் ஒரு குரல் வந்தது. ஈஸ்வரி அம்மா அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மயில்சாமி தலையைத் தூக்கவில்லை. இன்னும் ஏதோ வரும் என்று குனிந்தே இருந்தார். நான் கையை எடுத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான் பிரதர்."

ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"பரவால்லீங்க எல்டர். அன்னிக்கு எவ்வளவு நல்லாச் சொன்னீங்க" என்றார்.